இன்னும் இரண்டு ரன்: சியாட்டில் மரைனர்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

சியாட்டில் மரைனர்ஸ் உரிமையாளர் குழுவின் தலைவர் ஜான் ஸ்டான்டன், பேஸ்பால் பிரிவுத் தலைவர் ஜெர்ரி டிபோட்டோ, நிர்வாகத்தில் இருக்கும் மற்ற எல்லோருக்கும்,

வணக்கம்.

2025 அக்டோபர் 20 இரவு டொரொன்டோவில் நடந்ததை உங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜெயித்தால் வேர்ல்ட் சீரிஸ் என்ற கடைசிப் பட்டத் தொடருக்குப் போகலாம் என்றிருந்த அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸில் நம் கேட்சர் கால் ராலி ஹோம்ரன் (பந்து வேலியைத் தாண்டும் அடி) அடித்து 3-1 என்று நம்மை முன்னால் நிறுத்தினார். ஏழாவது இன்னிங்ஸில் ஜார்ஜ் ஸ்ப்ரிங்கரின் மூன்று ரன் ஹோம்ரன் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 4-3, கதை முடிந்தது. அன்றிலிருந்து ரசிகர்கள் சண்டை போடுவது ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: அந்த நேரத்தில் எந்தப் பிட்ச்சரை (பந்து வீசுபவரை) அனுப்பியிருக்க வேண்டும்? நியாயமான சண்டைதான். நான் கேட்க வந்தது வேறு. ராலி அடித்த அந்த ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என நான்கு இன்னிங்ஸிலும் நமக்கு ஒரு ரன்கூட வரவில்லையே, அது ஏன்? இதைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. சியாட்டிலில் அது ஒரு செய்தியே இல்லை என்பதுதான் காரணம்.

நான் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தது 2008இல். வந்த வருஷமே அணி 101 ஆட்டங்களில் தோற்றது. வீரர்களுக்குப் பத்து கோடி டாலருக்கு மேல் சம்பளம் கொடுத்தும் நூறு ஆட்டம் தோற்ற முதல் அணி என்ற பெயரையும் வாங்கியது. அப்போது பெரும்பான்மை உரிமையாளர் வேறு, நிர்வாகம் வேறு. அதனால் அந்தப் பழியை உங்கள் தலையில் கட்டவில்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் என்பதால் ஆரம்பத்தில் எனக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. ஸ்கோர்போர்டில் வரிசையாகப் பூஜ்யம் விழுகிறது, ஆனாலும் பக்கத்தில் இருப்பவர்கள் நிம்மதியாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறார்கள். 'இதெல்லாம் சகஜம்' என்றார்கள். சகஜம்தான். ஆனால் எங்களுக்கு வாய்த்த அளவு வேறு யாருக்கும் சகஜமில்லை என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

2010ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 162 ஆட்டங்களில் 513 ரன். ஆட்டத்துக்கு மூன்றைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். பிட்ச்சருக்குப் பதிலாக ஒருவர் பேட் செய்யலாம் என்ற விதி அமெரிக்கன் லீக்கில் 1973இல் வந்தது. அதற்குப் பிறகு முழு சீசன் ஆடிய எந்த அணியும் அந்த லீக்கில் இவ்வளவு குறைவாக ரன் எடுத்ததில்லை. 2001இல் 116 ஆட்டங்களை வென்று 927 ரன் குவித்ததும் இதே மரைனர்ஸ்தான். ஒன்பது வருஷத்தில் 414 ரன் எங்கே போனது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

ஆனால் அந்த 2010ஐ எங்களில் பலர் ஆசையோடு நினைவு வைத்திருக்கிறோம். காரணம் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ். அந்த வருஷம் லீக்கிலேயே அதிக இன்னிங்ஸ் வீசியவர் அவர். விட்டுக்கொடுத்த ரன் சராசரியும் அவருடையதுதான் மிகக் குறைவு, 2.27. சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது அவருக்கே வந்தது. அவருடைய வெற்றி தோல்விக் கணக்கைப் பாருங்கள்: 13 வெற்றி, 12 தோல்வி. ஒரு மனிதன் அந்த அளவுக்கு வீசியும் பன்னிரண்டு முறை தோற்றான் என்றால், அவனுக்குப் பின்னால் இருந்த பேட்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று விளக்க வேண்டியதில்லை. 13 வெற்றி மட்டுமே உள்ளவருக்கு அந்த விருதைக் கொடுக்கலாமா என்று அமெரிக்கா முழுக்க விவாதம் நடந்தது. வெற்றிக் கணக்கை வைத்துப் பிட்ச்சரை எடைபோடும் பழக்கம் ஆட்டம் கண்டதில் எங்கள் அணியின் பேட்டிங் வறட்சிக்கும் ஒரு பங்கு உண்டு. பேஸ்பாலுக்கு நாம் செய்த தொண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் வீசும் நாளில் இடது பக்கக் கோட்டோரம் ஒரு பகுதி முழுக்க மஞ்சள் சட்டையாக இருக்கும். 'கிங்ஸ் கோர்ட்' என்று பெயர். எல்லோர் கையிலும் 'கே' எழுத்து அச்சடித்த மஞ்சள் அட்டை. மூன்று ஸ்ட்ரைக் விழுந்து பேட்டர் அவுட்டாவதை, அதாவது ஸ்ட்ரைக்அவுட்டை, குறிக்கும் எழுத்து அது. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்ததும் கூட்டம் எழுந்து 'கே, கே, கே' என்று கத்தத் தொடங்கும். பேட்டர் அவுட்டானால் அட்டைகள் குதிக்கும். அப்புறம் எங்கள் அணி பேட் செய்ய வரும். மஞ்சள் சட்டைக்காரர்கள் அட்டையை மடியில் வைத்துவிட்டு நாச்சோஸ் வாங்கப் போய்விடுவார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேட்டிங்கைப் பார்க்க யாரும் காசு கொடுத்து வரவில்லை என்பது அவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்தது. ஃபீலிக்ஸ் 2005 முதல் 2019 வரை எங்களுக்காக மட்டுமே வீசினார். சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டம் ஒன்றில்கூட அவரால் வீச முடியவில்லை.

2012 ஆகஸ்ட் 15, மதிய ஆட்டம். டாம்பா பே அணியின் 27 பேட்டர்களையும் வரிசையாக வெளியேற்றி ஒரு முழுமையான 'பெர்ஃபெக்ட் கேம்' வீசினார். மரைனர்ஸ் வரலாற்றில் அப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை, அதன் பிறகும் இல்லை. ஸ்கோர் என்ன தெரியுமா? 1-0. மூன்றாவது இன்னிங்ஸில் ஹேசூஸ் மொன்டேரோவின் அடியில் பிரெண்டன் ரயன் ஓடி வந்த அந்த ஒரு ரன்தான். அது வராமல் போயிருந்தால் அந்த மனிதர் பத்தாவது இன்னிங்ஸும் வீசப் போயிருக்க வேண்டும். அதே வருஷம் ஜூன் மாதம் ஆறு பிட்ச்சர்கள் சேர்ந்து டாட்ஜர்ஸுக்கு ஒரு ஹிட்கூட (அடித்து பேஸை எட்டுவது) கொடுக்காமல், 'நோ-ஹிட்டர்' ஆக ஆட்டத்தை முடித்தார்கள். அதுவும் 1-0. ஏப்ரலில் நமக்கு எதிராக, நம் மைதானத்திலேயே, சிகாகோவின் ஃபிலிப் ஹம்பர் பெர்ஃபெக்ட் கேம் வீசிவிட்டுப் போனார். ஒரே சீசனில் ஒரே மைதானத்தில் மூன்று நோ-ஹிட்டர். எதிரணியை அடக்கத் தெரிந்த, தானும் அடங்கிப் போகத் தெரிந்த அணிக்குத்தான் இது வாய்க்கும்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் சந்தோஷங்கள்கூட ஒரு ரன் வித்தியாசத்தில் வந்தவைதான். 21 வருஷம் பிளே-ஆஃப் பக்கமே போகாமல் இருந்தோம். 2022 செப்டம்பர் 30 அன்று அந்தச் சாபம் நீங்கியபோது ஸ்கோர் 2-1. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பால் இரண்டு ஸ்ட்ரைக். மாற்று பேட்டராக வந்த ராலி ஓக்லாண்டுக்கு எதிராக வலது பக்க வேலிக்கு அப்பால் பந்தைத் தூக்கினார். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சரி, நானும் அழுதேன். 2025இல் டெட்ராய்ட்டை வீழ்த்திய ஆட்டம் 15 இன்னிங்ஸ் போய் 3-2 என்று முடிந்தது. ஏழாவது இன்னிங்ஸில் லியோ ரிவாஸ் தன் பிறந்தநாளன்று அடித்துச் சமன் செய்தார். அதற்கு அடுத்த ரன் பதினைந்தாவது இன்னிங்ஸில்தான் வந்தது. ஹோர்ஹே பொலாங்கோ அடிக்க, ஜே.பி. கிராஃபோர்ட் ஓடிவந்தார். இடையில் ஏழு இன்னிங்ஸ் நாங்கள் நகம் கடித்துக்கொண்டிருந்தோம்.

இவை ஜெயித்த கதைகள். 2022 அக்டோபர் 15ஐயும் சொல்லத்தான் வேண்டும். 21 வருஷத்துக்குப் பிறகு சொந்த ஊரில் நடந்த முதல் பிளே-ஆஃப் ஆட்டம். எதிரணி ஹூஸ்டன். பதினெட்டு இன்னிங்ஸ், 6 மணி 22 நிமிடம். எங்கள் பிட்ச்சர்கள் பதினேழு இன்னிங்ஸ் ஒரு ரன்கூட விடவில்லை. பதினெட்டாவதில் ஜெரமி பெனியா ஒரு ஹோம்ரன் அடித்தார். 1-0.

அந்தக் கூட்டத்தை நீங்கள் மேலே கண்ணாடி அறையிலிருந்து பார்த்திருப்பீர்கள். நாங்கள் கீழிருந்து பார்த்தோம். ஒரு வாரம் முன்பு டொரொன்டோவில் 8-1 என்று பின்தங்கியிருந்து 10-9 என்று ஜெயித்தபோது, திரையில் ஆட்டம் பார்த்த ரசிகர்கள் ராசிக்காகத் தலையில் ஷூவை வைத்துக்கொண்டார்கள். அது அப்படியே பழக்கமாகிவிட்டது. எனவே அன்று நாற்பதாயிரம் பேருக்கு மேல் இருந்த கூட்டத்தில் திரும்பிய பக்கமெல்லாம் தலையில் ஷூ. என் வரிசையில் ஒரு வங்கி அதிகாரி மாதிரி உடுத்திய அம்மா ஒருவர் இரண்டு ஷூவையும் கழற்றிவிட்டார். ஒன்று அவர் தலையில், இன்னொன்று தூங்கிப்போன பேரன் தலையில். பத்தாவது இன்னிங்ஸ் தாண்டியதும் யாரும் பேசவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் போகும் சரக்கு ரயிலின் ஹாரன் மட்டும் கேட்டது. ஷூவை மட்டும் யாரும் கீழே இறக்கவில்லை. நாங்கள் எங்கள் பங்கைச் செய்தோம் என்கிறேன்.

இப்போது நினைவு விஷயத்துக்கு வருகிறேன். என் பக்கத்து வீட்டுக்காரர் போயிங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1995 அக்டோபர் 8 பற்றிக் கேட்டால் போதும், கார் ஷெட்டில் கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். அணியின் பழைய மைதானமான கிங்டோமில், நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக, பிளே-ஆஃபில், பதினோராவது இன்னிங்ஸ். எட்கர் மார்ட்டினெஸ் இடது கோட்டோரமாக ஒரு டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓடவிடும் அடி) அடிக்கிறார். ஜோயி கோரா வந்துவிட்டார், சமன். முதல் பேஸில் இருந்த கென் கிரிஃபி ஜூனியர் நிற்கவே இல்லை. கிரிஃபி மூன்றாவது பேஸைச் சுற்றிய விதத்தை நம்ம ஆள் இடுப்பை வளைத்துக் காட்டுவார், அறுவை சிகிச்சை செய்த முட்டியோடு. 6-5. அப்புறம் வர்ணனையாளர் டேவ் நீஹாஸ் வானொலியில் சொன்ன 'மை ஓ மை'யை அதே குரலில் சொல்லிக் காட்டுவார். ஆகஸ்ட் தொடக்கத்தில் 13 ஆட்டம் பின்னால் கிடந்த அணி அது.

அந்த ஒரு அடி உங்களுக்கு என்ன கொடுத்தது என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. அதே 1995 செப்டம்பரில், புது மைதானத்துக்காக விற்பனை வரியை உயர்த்தலாமா என்று கேட்டபோது சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டியின் வாக்காளர்கள் மயிரிழையில் வேண்டாம் என்றார்கள். அணி ஊரை விட்டே போய்விடும் என்ற பேச்சு இருந்தது. அக்டோபரில் ஊர் முழுக்கப் பைத்தியம் பிடித்தது. அதே மாதம் மாநில சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு வேறு வழியில் நிதி ஒதுக்கியது. அதில் ஒன்று, இந்தக் கவுண்டியில் ஓட்டலில் சாப்பிடுகிறவர்களின் பில்லில் விழுந்த வரி. 1999 ஜூலையில் மைதானம் திறந்தது. ஆக, நீங்கள் இன்று அமர்ந்திருக்கும் கட்டடத்தைக் கட்டியதில் எட்கரின் டபுளுக்கும் எங்கள் தோசை பில்லுக்கும் பங்கு இருக்கிறது. 2011 வரை நானும் கட்டியிருக்கிறேன்.

எனவே 1995இன் படத்தைத் திரையில் ஓட்டுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. எட்கருக்கும் இச்சிரோ சுஸுகிக்கும் விழா எடுங்கள், தலையாட்டி பொம்மை கொடுங்கள், வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறோம். ஆனால் எங்கள் ஞாபகத்தில் 1995 மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. 2004இல் இச்சிரோ 262 ஹிட் அடித்து 84 வருஷச் சாதனையை முறியடித்தபோது, அவர் பேஸில் நின்றுகொண்டே இருந்தார், அடித்து அவரை ரன்னுக்கு ஓடிவர வைக்க ஆள் இல்லை, அணி 99 ஆட்டம் தோற்றது. அதுவும் அதே ஞாபகத்தில்தான் இருக்கிறது.

ரன் வராததற்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் காரணம் மைதானம். கடற்காற்று, குளிர், ஈரம், பந்து பறப்பதில்லை. உண்மை இல்லாமல் இல்லை. ஏட்ரியன் பெல்ட்ரே 2004இல் டாட்ஜர்ஸுக்கு 48 ஹோம்ரன் அடித்துவிட்டு இங்கே வந்தார். ஐந்து சீசனில் மொத்தமே 103. வேறு ஊருக்குப் போனதும் மறுபடி தழைத்து 2024இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போய்விட்டார். 2013 சீசனுக்கு முன் வேலியை உள்ளே இழுத்துக் கட்டினீர்கள். இன்றும் பிட்ச்சர்களுக்கு உகந்த மைதானம் என்ற பெயர் மாறவில்லை.

ஆனால் நெல்சன் க்ரூஸ் இதே காற்றில்தான் ஆடினார். 2015 முதல் வரிசையாக 44, 43, 39, 37. நான்கு வருஷத்தில் 163 ஹோம்ரன். கால் ராலி 2025இல் 60 அடித்தார். கேட்சராக இருந்துகொண்டு, இடது, வலது என இரண்டு பக்கமும் நின்று அடித்துக்கொண்டு. கிரிஃபியின் 56ஐயும் தாண்டிவிட்டார். ஜூலியோ ரொட்ரிகெஸ் இருக்கிறார். மைதானம் ஒரு தடை என்பதை ஒத்துக்கொள்கிறேன், தலையெழுத்து என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்கே பிட்ச்சர்கள் நன்றாக வளர்கிறார்கள் என்று தெரிந்து நீங்கள் அதில் முதல் போட்டீர்கள். நல்ல முடிவு. அதே அக்கறையை இன்னொரு பக்கம் காட்டவில்லை என்பதுதான் குறை.

2024ஐப் பாருங்கள். லோகன் கில்பர்ட், ஜார்ஜ் கிர்பி, லூயிஸ் காஸ்டிலோ, பிரைஸ் மில்லர், பிரையன் வூ. இப்படி ஐந்து பிட்ச்சர்கள் ஒரே அணியில் அமைவது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை. அணியின் பேட்டிங் சராசரி .224. ஸ்ட்ரைக்அவுட் 1,625, அந்த வருஷம் வேறு எந்த அணியும் அவ்வளவு முறை காற்றில் பேட் வீசவில்லை. ஜூன் 18 அன்று டிவிஷனில் (லீக்கில் எங்கள் பிரிவில்) பத்து ஆட்டம் முன்னால் இருந்தோம். ஜூலை முடிவதற்குள் அது கரைந்துபோனது. கடைசியில் ஒரே ஒரு ஆட்டத்தில் பிளே-ஆஃப் கைநழுவியது. 2023இலும் அதே ஒரு ஆட்டம்தான். இரண்டு வருஷமும் இன்னும் இரண்டு ரன் நேரத்துக்கு வந்திருந்தால் எத்தனை இரவுகள் மாறியிருக்கும் என்று நாங்கள் குளிர்காலம் முழுக்கக் கணக்குப் போட்டோம்.

டிபோட்டோ அவர்களே, 2023 முடிவில் நீங்கள் சொன்ன 54 சதவீதக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? பத்து வருஷம் 54 சதவீத ஆட்டங்களை வென்றுகொண்டே இருந்தால் வேர்ல்ட் சீரிஸும் தானாக வரும் என்பது சாரம். பொறுமையாக இருக்கச் சொல்வதன் மூலம் ரசிகர்களுக்கு நன்மையே செய்கிறோம் என்ற பொருளிலும் பேசினீர்கள். பிறகு வருத்தம் தெரிவித்தீர்கள், அது பெரிய மனசு. கணக்கும் தப்பில்லை. ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு ரன் மிச்சத்தில் ஓடும் அணிக்கு 54 என்பது எந்த நாளும் 50 ஆகலாம்.

2024 ஆகஸ்டில் நீங்கள் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. மேனேஜரை மாற்றி, 1995 அணியின் கேட்சர் டான் வில்சனை அழைத்தீர்கள். பேட்டிங்கைக் கவனிக்க எட்கரையே கூட்டிவந்தீர்கள். மீதி 34 ஆட்டங்களில் 21 வெற்றி. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு கையைச் சுருக்கி, பந்தை எப்படியாவது விளையாட்டுக்குள் தள்ளும் பேட்டர்களை அந்தக் கடைசி வாரங்களில் பார்த்தோம். தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. நினைவை வேலைக்கு வைப்பதென்றால் இப்படி வையுங்கள்.

இனி கேட்க வந்தது. பேட்டர்களை ஜூலையில் வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2024இல் ரேண்டி அரோசரேனா வந்தது ஜூலை கடைசியில், முன்னிலை கரைந்த பிறகு. 2025இல் ஜாஷ் நேய்லரும் யூஹேனியோ சுவாரெஸும் வந்ததும் ஜூலை கடைசியில்தான். அந்த இருவர் வந்த பிறகு அணி எப்படி ஆடியது என்று எல்லோரும் பார்த்தோம்: 2001க்குப் பிறகு முதல் டிவிஷன் பட்டம், டொரொன்டோவுக்கு எதிரான தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் சுவாரெஸின் கிராண்ட் ஸ்லாம், அதாவது மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடித்த ஹோம்ரன். ஏப்ரல் முதல் ஜூலை வரை கூரை ஒழுகும் வீட்டில் வாளி வைத்துச் சமாளித்துவிட்டு, மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஓடு மாற்றுவது ஏன்? நேய்லரை ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் தக்கவைத்தது நல்ல காரியம். பொலாங்கோவை நியூயார்க் மெட்ஸுக்கு விட்டது எங்கள் பலருக்கு இன்னும் செரிக்கவில்லை. அந்த இடத்தில் யாரை வைத்தாலும், ஏப்ரல் முதல் ஆட்டத்திலேயே வையுங்கள்.

பணத்தைக் கொட்டச் சொல்லவில்லை. கொட்டினால் என்ன ஆகும் என்று 2008இல் பார்த்தாயிற்று. ஸ்ட்ரைக்அவுட் குறைவாக ஆகும், மூன்றாவது பேஸில் ஆள் நிற்கும்போது பந்தைத் தொடத் தெரிந்த இரண்டு பேர் கீழ் வரிசையில் வேண்டும். நம் பேட்டிங் வரிசை மூன்று பெயருக்குப் பிறகு ஓய்வெடுக்கப் போய்விடுகிறது. எதிரணிக்கு இது எப்போதோ தெரிந்துவிட்டது. ஹெர்னாண்டஸின் இளமையைத் திருப்பிக் கொடுக்க உங்களால் முடியாது. கில்பர்ட், கிர்பி, வூ ஆகியோருடைய இளமை இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. இவர்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் தக்கவைக்கும் அளவுக்கு நீங்கள் செலவு செய்யப்போவதில்லை என்று எங்களுக்கும் தெரியும். எனவே அந்த இரண்டு பேர் இந்தக் குளிர்காலத்திலேயே வந்தாக வேண்டும். அடுத்த குளிர்காலம் என்றால் தாமதம்.

சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்துவிட்டேன். அதை மிரட்டலுக்காகப் பயன்படுத்தும் எண்ணம் இல்லை.

இப்படிக்கு,
மைதானத்தின் மேல் அடுக்கு, மூன்றாவது பேஸ் பக்கத்து ரசிகன் ஒருவன்

பின்குறிப்பு: இன்னிங்ஸ் இடைவேளையில் நடக்கும் சால்மன் மீன் ஓட்டப்பந்தயத்தில் ஹம்பி ஒருமுறைகூட ஜெயிக்காமல் இருந்ததும், டெட்ராய்ட்டுக்கு எதிரான அந்த 15 இன்னிங்ஸ் ஆட்டத்தன்று அவனை ஜெயிக்க வைத்ததும் உங்கள் ஏற்பாடுதான் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். 2025 செப்டம்பரில் ஒரு ரசிகர் இணையத்தில் மந்திரவாதி ஒருவருக்குக் காசு கொடுத்து அணிக்குச் செய்வினை எடுக்கச் சொன்னதும், வரிசையாகப் பத்து ஆட்டம் ஜெயித்ததும் உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் அந்தச் செலவை நிர்வாகமே ஏற்றுக்கொள்ளலாம். பேட்டர்களை விட மலிவுதான். ஆனால் பேட்டர்களையும் வாங்குங்கள்.